கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு: ஊர்க் கணக்கில் பிடித்த பணத்தைக் கேட்டு வாங்குவது

பொள்ளாச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்து, கேரளத்தில் பாலக்காடு பக்கம் இருக்கும் கஞ்சிக்கோட்டில் ரூம் எடுத்தாயிற்று. கம்பெனி சொன்ன வங்கியில் புதுச் சம்பளக் கணக்கும் தொடங்கியாயிற்று. ஊரில் இருக்கும் பழைய கணக்கு யார் நினைவிலும் இருப்பதில்லை. பணம் கரைவது பெரும்பாலும் அதில்தான். அதுவும் சம்பளக் கணக்காக இருந்தது என்றால், சம்பளம் வருவது நின்று சில மாதம் ஆனதும் பல வங்கிகள் அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். அன்றிலிருந்து மினிமம் பேலன்ஸ் விதி தொடங்கிவிடும்.

முதல் வேலை, வாளையார் தாண்டியதும் சிம் மாற்றியிருந்தால் புது எண்ணைப் பழைய வங்கியில் பதிவது. ஏன் என்று கீழே தெரியும். அப்புறம் ஆப்பில் ஓராண்டு ஸ்டேட்மென்ட் இறக்குங்கள். வரவுப் பக்கத்தை விட்டுவிட்டு, பற்றுப் பக்கத்தில் நீங்கள் செய்யாத வரிகளை மட்டும் பென்சிலால் குறியுங்கள்.

அந்த வரிகளில் இருக்கும் சுருக்கச் சொற்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். தொகையே பாதி சொல்லிவிடும். வங்கிக் கட்டணத்துக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. எனவே 118, 236, 590 போன்ற தொகை கண்ணில் பட்டால் அது 100, 200, 500 ரூபாய்க் கட்டணமும் வரியும் சேர்ந்தது. 27 ரூபாய் 14 காசு என்றால் அது ஏடிஎம்: இலவச எண்ணிக்கை தாண்டினால் 2025 மே முதல் 23 ரூபாய் வரை பிடிக்கலாம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. பாலக்காடு பெருநகர் அல்ல என்பதால் இங்கே வேறு வங்கி ஏடிஎம்மில் மாதம் 5 முறை இலவசம். பேலன்ஸ் பார்ப்பதும் அந்த ஐந்தில் ஒன்று. கம்பெனி கேட் பக்கம் இருக்கிற ஏடிஎம்மில் தினமும் எட்டிப் பார்க்கிறவர்கள் கவனிக்க. சில வங்கிகள் ஜிஎஸ்டியைத் தனிப் பதிவாகக் காட்டும், அப்போது இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

மே கடைசியில் 436, 20 என்று போயிருந்தால் அது கட்டணமே அல்ல. பிரதமர் பெயரிலான ஆயுள் காப்பீடு, விபத்துக் காப்பீட்டுப் பிரீமியம். கையெழுத்துப் போட்டதாக நினைவில்லை என்றால் சம்மதப் படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். 'ஏசிஹெச் ரிட்டர்ன்' என்ற வரி பைக் லோன் தவணை பணமில்லாமல் திரும்பியதற்கானது. அது பெரும்பாலும் நியாயமான பிடித்தம்தான். தவணையைப் புதுக் கணக்குக்கு மாற்றுவதுதான் வழி.

கேட்டால் திரும்பக் கிடைக்க வாய்ப்புள்ளது மினிமம் பேலன்ஸ் அபராதம். ரிசர்வ் வங்கியின் விதி 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது தர வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்குத்தான் அபராதம். அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகக் கூடாது. இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் தொடாமல் முடங்கிய கணக்கிலும் இந்த அபராதம் பிடிக்கக் கூடாது. ஸ்டேட் பேங்க் 2020-இலேயே இந்த அபராதத்தைக் கைவிட்டது. 2025-இல் கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி ஆகியவையும் கைவிட்டன.

ஆகவே "சார், கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க" என்று கெஞ்ச வேண்டியதில்லை. கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு எனக்குத் தகவல் அனுப்பினீர்கள்? வங்கியின் பதிவில் இல்லை என்றால் பணம் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. பழைய சிம்முக்குப் போயிருக்கிறது என்று வங்கி காட்டிவிட்டால் உங்கள் பக்கம் வலு குறைந்துவிடும். எண்ணை முதலில் மாற்றச் சொன்னது இதற்குத்தான்.

புரியாத வரி என்றால் விளக்கம் கேட்பதும் உங்கள் உரிமை. கட்டணத்தின் வகையும் காரணமும் பாஸ்புக்கிலும் ஸ்டேட்மென்டிலும் இருக்க வேண்டும் என்று 2017 ஜூனிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. இங்குள்ள கிளையின் கவுண்டரில் இருக்கும் சேச்சிக்குத் தமிழ் நன்றாகவே புரியும், ஆனால் வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. வங்கியின் ஆப்பிலோ மின்னஞ்சலிலோ புகார் பதியுங்கள். கணக்கு எண், தேதி, தொகை, அந்த வரியில் இருப்பது அப்படியே, மேலே சொன்ன கேள்வி, அவ்வளவு போதும். குடும்பக் கஷ்டம் எழுதினால் கேள்வி அதில் மறைந்துபோகும். புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவு எதுவும் இல்லை. சிஎம்எஸ் என்ற ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம், 14448 என்ற தொலைபேசி எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். வங்கியிடம் கேட்காமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால் அது தனிக் கதை. 5 நாளுக்குள் வங்கி திருப்பிப் போட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும்.

பணம் திரும்ப வந்ததும் தொகையைப் பாருங்கள். 590 போன இடத்தில் 500 மட்டும் வந்திருந்தால், அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு மீதி 90-ஐயும் கேளுங்கள்.