துபாயா, சிங்கப்பூரா, கோலாலம்பூரா: போகுமுன் போட வேண்டிய கணக்கு

ஊரிலிருந்து தம்பி தங்கச்சிகள் யாராவது போன் செய்து, "அக்கா, துபாயில் இவ்வளவு தர்றாங்க, கே.எல்.ல (கோலாலம்பூர்ல) இவ்வளவுதான், எதை எடுக்கட்டும்?" என்று கேட்டால், நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள். பெருக்கினால் மலேசிய ரிங்கிட் தோற்கும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மூன்று ஊரிலும் குடித்தனம் நடத்தி, மூன்று ஊரிலும் கம்பெனிகளில் சம்பளக் கணக்கு பார்த்தவள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். ஓர் ஊரில் முதல் மாதம் எப்படி இருக்கும், கடைசி மாதம் எப்படி இருக்கும் என்று விசாரியுங்கள். நடுவில் உள்ளதை எப்படியாவது சமாளித்துவிடலாம்.

கே.எல்.லில் வீடு எடுக்க வழக்கமாக இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை. 2,000 ரிங்கிட் வீடு என்றால் 7,000 ரிங்கிட் கொடுத்தால்தான் சாவி. துபாயில் வாடகையே வருடக் கணக்கு. ஒரு வருடத்துக்கும் சேர்த்து ஒன்றோ இரண்டோ நான்கோ காசோலையாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். வரி இல்லாத ஊர் என்பார்கள். சம்பளத்துக்கு இல்லை, சரி. ஆனால் வருட வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாகப் பிரிந்து கரண்ட் பில்லோடு மாதாமாதம் வரும்; 2018 முதல் பொருள்களுக்கு 5 சதவீத வாட் (விற்பனையில் சேரும் வரி) வேறு. சிங்கப்பூரில் அறை தேடுபவர்கள் விளம்பரத்தில் "லைட் குக்கிங்" என்று இருந்தால் உடனே கேட்டுவிடுங்கள். வெந்நீரும் மேகியும்தான் என்பது பல வீட்டுக்காரர்களின் கணக்கு. மீன் குழம்பு அதில் வராது.

மலேசியாவில் முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துப் பலரும் திடுக்கிடுவார்கள். ஒரு வருடத்தில் 182 நாள் நாட்டில் இருந்தால்தான் வரிக் கணக்கில் உள்நாட்டுவாசி. இல்லாவிட்டால் ஒரே அடியாக 30 சதவீதம். அதனால் புதிதாக வருபவருக்குப் பல கம்பெனிகள் ஆரம்ப மாதங்களில் 30 சதவீதம் பிடித்துவிடும். வருடக் கடைசியில் சேர்ந்தாலும், அடுத்த வருடம் தொடர்ந்து 182 நாள் இருந்தால் முதல் வருடத்தையும் அதோடு இணைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. பிறகு வரிக் கணக்குத் தாக்கல் செய்து, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். ஆனால் அந்தப் பணம் வரும்வரை வாடகை காத்திருக்காது. கைக்காசோடு வாருங்கள்.

இப்போது கடைசி மாதம். வேலையில் சேரும்போது யாரும் இதைக் கேட்பதில்லை, எனக்கு அதில்தான் ஆத்திரம். துபாயில் வேலையை விடும்போது பணிக்கொடை உண்டு: ஒரு வருடம் முடித்திருந்தால், முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். கவனியுங்கள், மொத்தச் சம்பளம் இல்லை, அடிப்படைச் சம்பளம். 10,000 திர்ஹாம் தருகிறோம் என்று சொல்லி அடிப்படையை 4,000 என்று போட்டால், வருடத்துக்கு 2,800 சேரும். அதே 10,000இல் அடிப்படை 6,000 என்றால் 4,200. கையெழுத்துப் போடுமுன் அந்த ஒரு வரியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சிங்கப்பூரில் வேலை பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில்) இருப்பவருக்கு சி.பி.எஃப். என்ற கட்டாயச் சேமநிதி கிடையாது, அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். மலேசியாவில் 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இ.பி.எஃப். என்ற சேமநிதி கட்டாயம். நீங்கள் 2 சதவீதம், கம்பெனி 2 சதவீதம். சின்னத் தொகைதான், இருந்தாலும் உங்கள் பெயரில் சேருகிறது.

இன்னொன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நீங்கள் வேலையை விட்டு நாட்டைவிட்டுப் போகிறீர்கள் என்றால், வரித்துறை அனுமதி தரும்வரை முதலாளி உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அது சட்டம், முதலாளியின் குசும்பு அல்ல. ஆக, கடைசிச் சம்பளத்தை நம்பி வீட்டுச் சாமான் அனுப்பக் கண்டெய்னர் புக் செய்யாதீர்கள். சிங்கப்பூரில் பாஸ் ரத்தானதும் பொதுவாக 30 நாள் தங்கலாம். துபாயில் விசா வகையைப் பொறுத்து மாறும். எந்த ஊர் என்றாலும் வேலைக் கடிதம் வந்த அன்றே இதைக் கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளையின் பள்ளிப் பருவம் நடுவில் இருக்கும்போது வேலை போனால் அந்தத் தாள்தான் உதவும்.

கல்யாணம் ஆனவர்கள் துணைவரின் வேலையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். துபாயில் கணவர் விசாவில் இருந்துகொண்டே மனைவி வேலை அனுமதி வாங்கலாம். சிங்கப்பூரில் 2021 மே முதல் சார்ந்திருப்போர் பாஸ் (கூட வரும் குடும்பத்தாருக்கான அனுமதி) வைத்திருப்பவர் வேலை செய்யத் தனியாக வேலை பாஸ் வாங்க வேண்டும். மலேசியாவிலும் சார்ந்திருப்போர் பாஸை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. ஒரு சம்பளமா, இரண்டு சம்பளமா என்பது திர்ஹாம், ரிங்கிட் வித்தியாசத்தைவிடப் பெரிய வித்தியாசம். எங்கள் வீட்டில் சண்டை வந்ததெல்லாம் இதில்தான்.

பிள்ளைகளுக்கு இந்தியப் பாடத்திட்டம்தான் வேண்டும் என்றால் துபாயில் பள்ளிகள் ஏராளம், கே.எல்.லில் மிகக் குறைவு. கட்டணத்தைக் கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

அம்மாவோடு பேசும் நேரத்தையும் நான் கணக்கில் சேர்ப்பேன். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால். துபாயில் வேலை முடித்து எட்டரைக்குக் கூப்பிட்டால் ஊரில் பத்து மணி, அம்மா தூங்கியிருப்பார். நான் இப்போது இருக்கும் இங்கே, கே.எல்.லில், அதே எட்டரைக்கு ஊரில் ஆறு மணி, காபி குடித்துக்கொண்டே பேசுவார். தீபாவளிக்கு இங்கும் சிங்கப்பூரிலும் விடுமுறை. தைப்பூசத்துக்கு கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கு போன்ற மாநிலங்களில் விடுமுறை. சிங்கப்பூர் 1968இல் அதை எடுத்துவிட்டது. பத்துமலை முருகன் கோயிலுக்கு லீவு போடாமல் போவது எனக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு மாதிரி. உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம், அப்படியானால் இதை அடித்துவிடுங்கள்.

கே.எல். என்று முடிவாகிவிட்டால், வீட்டை ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்காதீர்கள். வேலை நாளில், மழை கொட்டும் மாலை ஐந்து மணிக்குப் பாருங்கள். எல்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்கு நடந்து போக முடிகிறதா, வழியில் கூரை இருக்கிறதா, கிராப் டாக்ஸி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியும். அப்புறம் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கித் தூணில் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளம் ஏறியதா என்று ஏஜெண்டிடம் கேட்காதீர்கள், காவலாளி அண்ணனிடம் கேளுங்கள்.