ஸ்பூனோடு துரத்தாதீர்கள்: நடக்கத் தொடங்கிய குழந்தை வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளக் பாயின்ட்டை மூடுவது, கத்தியை எட்டாத இடத்தில் வைப்பது, மாடிப்படிக்குத் தடுப்பு போடுவது எல்லாம் இங்கே வராது. குழந்தை எழுந்து நின்ற வாரமே அதையெல்லாம் எல்லோரும் செய்து முடித்துவிடுகிறார்கள். இங்கே வருபவை பார்த்தால் தவறு மாதிரியே தெரியாதவை. பாசத்தில் செய்வது, அவசரத்தில் செய்வது, பக்கத்து வீட்டிலும் இப்படித்தானே என்று செய்வது. முதல் குழந்தை பெற்ற ஒவ்வொருவரும் மற்றவர்கள் விழுந்து எழுந்த அதே குழியைத் தேடிப் போய் விழுகிறார்கள். இதில் சொல்லும் கணக்குகள் ஒன்றிலிருந்து மூன்று வயது வரைக்குமானவை.

ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு துரத்துவது

இதற்குத்தான் அதிக இடம். ஏனென்றால் இதைத்தான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகிறது.

எந்த வீட்டிலும் காட்சி ஒன்றுதான். கிண்ணத்தில் பாதிச் சாப்பாடு ஆறிப்போய்க் கிடக்கிறது. குழந்தை சோபாவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓடுகிறது. பின்னாலேயே ஒருவர் ஸ்பூனோடு, அவருக்குப் பின்னால் இன்னொருவர் போனோடு. திரையைப் பார்த்துக் குழந்தை வாய் பிளக்கிற நொடியில் ஒரு ஸ்பூன் உள்ளே போகிறது. மென்றதா விழுங்கியதா தெரியாது. கன்னத்தைப் பார்த்தால் முந்தைய வாய் இன்னும் அங்கேயே ஒதுங்கியிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் கிண்ணம் காலியானதும் ஒரு பெருமூச்சு. சரியாகச் சாப்பிடவில்லையே என்று அடுத்த அரை மணியில் ஒரு பாட்டில் பால்.

முதலில் வளர்ச்சிக் கணக்கைப் பாருங்கள். பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளில் கிட்டத்தட்ட 9 கிலோ இருக்கும், மூன்று மடங்கு. அடுத்த ஓராண்டு முழுவதும் அது ஏறுவது 2 முதல் 2.5 கிலோதான். வளர்ச்சியின் வேகம் இப்படிச் சரியும்போது பசியும் சரியத்தான் செய்யும். பத்தாம் மாதத்தில் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்ட குழந்தை பதினைந்தாம் மாதத்தில் நாலு வாயோடு முகத்தைத் திருப்பிக்கொள்வது இதனால்தான். அதுவும் நாளுக்கு நாள் மாறும்: திங்கட்கிழமை மூன்று வேளையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை கொறிப்பதோடு நிறுத்திவிடும். ஒரு வேளையை வைத்துக் கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு வாரத்தை மொத்தமாகப் பாருங்கள்.

அடுத்தது பால் கணக்கு. 240 மில்லி பாட்டில் ஒரு நாளைக்கு நான்கு என்றால் 960 மில்லி. 100 மில்லி முழுப் பாலில் ஏறத்தாழ 65 கலோரி உண்டு. ஆக பாலிலேயே 600 கலோரிக்கு மேல் போய்விடுகிறது. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவைப்படுவதே சுமார் 900 முதல் 1000 கலோரி. மூன்றில் இரண்டு பங்கு வயிற்றைப் பாலால் நிரப்பிவிட்டு, மீதிக்கு மூன்று வேளைச் சாப்பாட்டை எங்கே திணிப்பது?

இதில் காசு போவதைவிட ரத்தம் குறைவதுதான் கவலை. ஒரு லிட்டர் பசும்பாலில் இருக்கும் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்கு ஒரு நாள் தேவை சுமார் 7 மில்லிகிராம். போதாததற்கு, மற்ற உணவிலிருந்து வரும் இரும்பை உடல் எடுத்துக்கொள்வதையும் பாலில் உள்ள கால்சியமும் புரதமும் குறைக்கின்றன. இரும்புச்சத்து இறங்கினால் குழந்தை வெளிறும், சீக்கிரம் களைக்கும், தொட்டதற்கெல்லாம் சிணுங்கும், சில குழந்தைகள் மண்ணையும் சுண்ணாம்பையும் தின்னும். கூடவே பசியும் மந்தமாகும். பசி மந்தமானால் வீட்டில் என்ன செய்வார்கள்? இன்னொரு பாட்டில் பால். செக்குமாடு மாதிரி இதே வட்டம்தான். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் இரும்பு மருந்து கொடுங்கள். நாமாகவே வாங்கி ஊற்றக் கூடாது, அளவு கூடினால் குழந்தைக்கு அது விஷம்.

போன் விஷயத்துக்கு வருவோம். திரையில் மூழ்கிய குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. 'போதும்' என்று தலையைத் திருப்புவது, உதட்டை இறுக்குவது, தட்டைத் தள்ளுவது ஆகியவைதான் இந்த வயதின் பேச்சு. அதை ஆறு மாதம் தொடர்ந்து மீறினால் குழந்தைக்குச் சாப்பாடு என்றாலே சண்டை என்று பதிந்துபோகும். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தானே என்று தொடங்கினால் அந்த ஒரு மணி நேரம் காலை வேளையிலேயே தீர்ந்துவிடும்.

மாற்றுவது இப்படி. பாலை ஒரு நாளைக்கு 350 முதல் 500 மில்லிக்குள் நிறுத்துங்கள். அதுவும் டம்ளரில், சாப்பிட்ட பிறகு. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் போகக் கூடாது. இடையில் அழுகையை அடக்க நீட்டும் ஒரே ஒரு பிஸ்கட்தான் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டைக் கெடுக்கிறது.

உட்காரும் இடத்தைப் பாருங்கள். உயர நாற்காலியில் கால் தொங்கினால் குழந்தை ஐந்து நிமிடம்கூட நிலையாக இருக்காது. உங்களைக் கால் எட்டாத ஸ்டூலில் உட்காரவைத்தால் நீங்களும் நெளிவீர்கள். பாதத்துக்கு அடியில் ஒரு பெட்டியோ பலகையோ வையுங்கள், முழங்கால் மடங்கி, பாதம் தட்டையாகப் படிய வேண்டும். கீழே ஒரு பழைய போர்வையை விரித்துவிடுங்கள். சிந்தட்டும்.

தட்டில் கொஞ்சமாக வையுங்கள். ஒவ்வொரு உணவிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது இரண்டு வயதுக்கு இரண்டு. பெரியவர்கள் கண்ணுக்கு இது கேலி மாதிரி இருக்கும், ஆனால் கேட்டால் இன்னும் போடலாமே. தெரிந்த உணவுக்குப் பக்கத்தில் புதியதில் ஒரு துண்டு வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் சில குழந்தைகள் தொட்டே பார்க்கும். மூன்றாம் நாளே 'இவனுக்கு முட்டை பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

இருபது நிமிடம், மிஞ்சினால் முப்பது. நேரம் முடிந்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டும் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் கையில் இருக்கட்டும். எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடுங்கள். முதல் மூன்று நான்கு நாள் வீடு அல்லோலகல்லோலப்படும். தாத்தா பாட்டி முகம் கோணும். அந்த நாட்களில் ஒருவர் ரகசியமாகப் பாட்டிலை நீட்டினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எல்லாமே இப்படிச் சரியாகிவிடாது. வளர்ச்சி அட்டையில் கோடு கீழே இறங்கினாலோ, ஒவ்வொரு வேளையும் இருமிப் புரையேறினாலோ, திரவம் தவிர எதையும் விழுங்க மறுத்தாலோ, முன்பு சாப்பிட்டவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். மருத்துவரிடம் போங்கள்.

திராட்சையை முழுசாகக் கொடுப்பது

நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் வட்டமாகவே இருக்கும், மூச்சுக்குழாயை அடைப்பதற்குச் சரியான வடிவம் அது. முழுக் கொட்டைகள் நான்கைந்து வயது வரை வேண்டாம். பச்சைக் கேரட்டைத் துருவுங்கள் அல்லது வேகவையுங்கள்.

அடைத்துக்கொண்டால்: இருமல் சத்தமாக வருகிறதென்றால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் முகம் மாறினால் குழந்தையை முன்பக்கம் சாய்த்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே கையை வைத்து, உள்ளுக்கும் மேலுக்குமாக ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். வயிற்றில் அழுத்துவது ஒரு வயது முடிந்தவர்களுக்கு மட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். இதை ஒரு பயிற்சியாளரிடம் ஒருமுறை கையால் செய்து பழகிவிடுங்கள், படித்தது அந்த நேரத்தில் ஞாபகம் வராது.

மருந்தைச் சமையலறை ஸ்பூனில் அளப்பது

டீஸ்பூன் என்பது 5 மில்லி. ஆனால் வீட்டு ஸ்பூன் அதில் பாதியும் பிடிக்கும், அதைவிடக் கூடுதலாகவும் பிடிக்கும். ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று மருந்து டப்பாவிலேயே இருக்கட்டும்.

இதைவிட மோசமான குழப்பம் பாராசிட்டமாலில் நடக்கிறது. டிராப்ஸும் சிரப்பும் ஒன்றல்ல. டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கலாம். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம் இருக்கலாம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், 150 மில்லிகிராம். அந்த டிராப்ஸில் 1.5 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, 120 சிரப்பில் 6 மில்லிக்குச் சற்று மேல். 'போன தடவை 5 மில்லி கொடுத்தோமே' என்று டிராப்ஸில் 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், மூன்று மடங்குக்கும் மேல். பாட்டிலை மாற்றும்போதெல்லாம் லேபிளைப் படித்து, குழந்தையின் இப்போதைய எடைக்கு எத்தனை மில்லி என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு, பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள். இடைவெளி குறைந்தது நான்கு மணி நேரம், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். கொடுத்த நேரத்தை ஃபிரிட்ஜ் கதவில் எழுதிவையுங்கள். அம்மா எட்டு மணிக்குக் கொடுத்தது தெரியாமல் அப்பா எட்டரைக்குக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

களைக்கட்டும், நன்றாகத் தூங்கும் என்று விழிக்கவைப்பது

நடப்பது தலைகீழ். தூக்கத்தைத் தாண்டிவிட்ட குழந்தை களைத்துச் சாயாது, முறுக்கேறிக் குதிக்கும். இன்னும் தெம்பாக இருக்கிறதே என்று பெரியவர்கள் மேலும் அரை மணி தள்ளுவார்கள். இரவில் இரண்டு மூன்று தடவை அழுது எழும், விடியற்காலையிலும் சீக்கிரம் எழும். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தேவை. பெரும்பாலான குழந்தைகள் பதினைந்து, பதினெட்டு மாதத்தில் இரண்டு பகல் தூக்கத்திலிருந்து ஒன்றுக்கு மாறும். அந்தச் சில வாரம் குளறுபடியாகத்தான் இருக்கும், இரவுத் தூக்கத்தை அரை மணி முன்னால் நகர்த்திச் சமாளிக்கலாம். கண்ணைக் கசக்குவது, காதைப் பிடித்து இழுப்பது, காரணமில்லாமல் தடுக்கி விழுவது தெரிந்தாலே படுக்கையை விரிக்க வேண்டிய நேரம்.

பத்து தடவை 'கிடையாது', பதினோராவது தடவை 'சரி, எடுத்துக்கோ'

இதில் குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: பதினோரு தடவை அழ வேண்டும். கொடுப்பதாக இருந்தால் முதல் தடவையே கொடுத்துவிடுங்கள். 'ஓடாதே' என்பதைவிட 'நட' என்பது இந்த வயதுக்குச் சீக்கிரம் புரியும். செருப்புப் போட மறுத்தால் 'போடறியா?' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் 'மாட்டேன்'தான். 'சிவப்பா, நீலமா?' என்று கேளுங்கள்.

வாளியில் தண்ணீர்

கவிழ்த்து வையுங்கள். குழந்தை மூழ்க ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போதும், சத்தமே வராது.

பட்டன் பேட்டரி

ரிமோட்டிலும் விளையாட்டுப் பொருளிலும் பேட்டரி மூடிக்கு ஸ்குரூ இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடலாம். வாந்தி எடுக்கவைக்காதீர்கள், மலத்தில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

டயப்பரை விடுவதற்குத் தேதி குறிப்பது

பள்ளியில் சேர்ப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று விரட்டினால் குழந்தை அடக்கிவைக்கப் பழகும். அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்ததால் மறுபடி அடக்கும். இரண்டு மணி நேரம் டயப்பர் காய்ந்திருப்பது, போவதற்கு முன் மூலைக்குப் போய் நிற்பது, இரண்டு சொல் கட்டளையைப் புரிந்துகொள்வது ஆகியவை தெரியும் வரை பொறுங்கள். இங்கேயும் பாதத்துக்கு அடியில் ஒரு பலகை வேண்டும். ஏற்கனவே மலச்சிக்கல் இருந்தால், முதலில் பால் அளவைப் பாருங்கள்.

பாட்டிலை வாயில் வைத்துத் தூங்கவைப்பது

தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறையும், பால் முன்பற்களில் இரவு முழுக்கத் தேங்கும். கடைசிப் பாலுக்குப் பிறகு பல் துலக்கிவிட்டுத்தான் படுக்கை. மூன்று வயது வரை அரிசி அளவு ஃபுளூரைடு பேஸ்ட் போதும். வாரம் ஒரு தடவை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால், தேய்த்துப் பார்த்தும் போகாவிட்டால், சொத்தை தொடங்கிவிட்டது. அந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டினால் ஓட்டை விழாமல் நிறுத்த வாய்ப்புண்டு.