ராணக்பூர்: வாசல்வரை போய்க் கோயிலைத் தவறவிடுகிறவர்களுக்கு

சென்ற டிசம்பரில் உறவுக்காரப் பையன் ஒருவன் புது மனைவியோடு உதய்பூர் வந்திருந்தான். நான் எழுவதற்குள் இருவரும் கார் பிடித்து, ராஜஸ்தானின் புகழ்பெற்ற சமணக் கோயில் இருக்கும் ராணக்பூருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒன்பதரை மணிக்குப் போன் வந்தது. "மாமா, உள்ளே விடமாட்டேன் என்கிறார்களே!" விடமாட்டார்கள்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதே கோயிலில் நான் அடித்த கூத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

உதய்பூரில் வேலை பார்ப்பதால் குளிர்காலம் வந்தால் வீட்டில் விருந்தாளிகளுக்குக் குறைவில்லை. ராணக்பூருக்கு வழித்துணை நான்தான். செருப்பைக் கழற்றுங்கள், அரைக்கால் சட்டை வேண்டாம் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது வாசலிலேயே எழுதியிருக்கிறது. அங்கே போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

காலையில் போவது

கோயில் என்றால் விடியலில் போக வேண்டும் என்பது நமக்கு ஊறிய பழக்கம். இங்கே காலை நேரம் வழிபாட்டுக்கு உரியது. வெறுமனே பார்க்க வருகிறவர்களுக்கு நண்பகல் 12 மணிக்குத்தான் வழி. மாலை 5 மணிவரை. ஏழு மணிக்கே கிளம்பி, படிக்கட்டின் கீழே குரங்குகளோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதில் புண்ணியம் ஏதுமில்லை. உதய்பூரிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எட்டரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

கும்பல்கரையும் ராணக்பூரையும் ஒரே நாளில் திணிப்பது

எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். கார் ஏற்பாடு செய்கிறவர்கள் ஒப்பிக்கும் பாடம் ஒன்றே: காலையில் கும்பல்கர் கோட்டை, போகிற வழியில் ராணக்பூர், ராத்திரி ஜோத்பூரில் தூக்கம். வரைபடத்தில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். நானும் நம்பினேன், அதுவும் அப்பா, அம்மாவை முதன்முதலாக அழைத்துப்போன நாளில்.

கோட்டை லேசுப்பட்டதல்ல. 36 கிலோமீட்டர் மதிலை யாரும் நடந்து தீர்க்கப் போவதில்லை என்றாலும், உச்சியில் இருக்கும் பாதல் மகால்வரை ஏறி இறங்கவே எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏறும்போது ஒன்றும் சொல்லாமல், இறங்கும்போதுதான் சொன்னார். சாப்பிட்டுவிட்டு மலைப்பாதையில் இறங்கினோம். ஆரவல்லியின் வளைவுகளில் அப்பாவுக்கு இரண்டு முறை குமட்டி, இரண்டு முறை காரை நிறுத்தினோம். கோயிலை அடைந்தபோது மணி நாலே கால். பெல்ட்டைக் கழற்றி, பையை வைத்துவிட்டு வந்து, அம்மாவைக் கைத்தாங்கலாகப் படியேற்றி உள்ளே நுழைந்தபோது நாலரை தாண்டிவிட்டது.

மேற்கு வாசல் வழியாகப் போனோம். எதிரே ஆதிநாதர், சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களில் முதல்வர்; வெள்ளைத் திருமேனி, அகல விழித்த கண்கள். கும்பிட்டோம். அம்மா ஒரு தூணடியில் உட்கார்ந்துவிட்டார். நான் அப்பாவை இழுத்துக்கொண்டு, சாய்ந்த தூண் எங்கே, பாம்புச் சிற்பம் எங்கே என்று ஓடினேன். ஐந்து மணிக்கு வெளியே வந்துவிட்டோம்.

ஜோத்பூர் போகும் வழியில் பாலி என்ற ஊரைத் தாண்டும்போது அம்மா கேட்டார்: "சாமி எந்தப் பக்கம் பார்த்திருந்தார்?"

"மேற்கு" என்றேன், எல்லாம் தெரிந்தவன்போல.

மேற்கும்தான். கூடவே கிழக்கு, வடக்கு, தெற்கு. கருவறையில் ஆதிநாதர் நான்கு திசைக்கும் ஒவ்வொரு உருவமாக அமர்ந்திருக்கிறார். அதனால்தான் இது சதுர்முக கோயில். நான்கு திசையிலும் வாசல், ஒவ்வொன்றிலிருந்தும் மண்டபம் மண்டபமாக நடுவை நோக்கிப் பாதை. நளினிகுல்மம் என்ற தேவவிமானத்தைக் கனவில் கண்ட வணிகர் தரணா ஷா, அதை மண்ணில் எழுப்ப விரும்பினார் என்றும், சிற்பிகள் காட்டிய வரைபடங்களில் தேபா என்பவருடையதே அவர் மனத்துக்குப் பிடித்தது என்றும் சொல்வார்கள். மேவாரை ஆண்ட ராணா கும்பா ஆதரவு தந்தார். ஊரின் பெயரும் அந்த ராணாவால் வந்தது. 1439ஆம் ஆண்டுக் கல்வெட்டு தூணிலேயே இருக்கிறது. அந்தக் கட்டடத்தின் கருத்தே நான்கு முகம். அதில் ஒன்றைப் பார்த்துவிட்டு, வந்த வாசல் வழியே திரும்பியவன் நான்.

அம்மாவின் முழங்கால் இனி அவ்வளவு தூரம் வர இடம் கொடுக்காது. படத்தைக் காட்டிச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

ஆகவே, வரிசையை மாற்றுங்கள். பதினொன்றுக்கு ராணக்பூர் போய்ச் சேருங்கள்; பன்னிரண்டுக்கு உள்ளே நுழையுங்கள்; மூன்றுவரை அங்கேயே இருங்கள். கோட்டையும் பார்த்தே ஆக வேண்டுமானால் அதன் பிறகு கும்பல்கருக்கு ஏறி, இரவு அங்கே தங்கி, மறுநாள் காலையில் பாருங்கள். அந்தக் கோட்டையைக் கட்டியவரும் அதே ராணா கும்பாதான். ஒரு நாள் கூடுதலாகத் தந்தால் குறைந்துவிட மாட்டார். "எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் சார்" என்று எவராவது சொன்னால், கோயிலுக்குள் எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேளுங்கள். பதிலுக்கு ஒரு புன்னகை வரும்.

ராணக்பூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் ராணக்பூர் வந்துவிடும் என்று நினைப்பது

வராது. ஃபால்னாவில் இறங்க வேண்டும். அங்கிருந்து சாலையில் சுமார் 35 கிலோமீட்டர்.

தூண் எண்ணுவது

1444 தூண்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்ட எண். அதனாலேயே ஆளுக்கொரு விரலை நீட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் இங்கே தூண்களைவிடத் தூண்களுக்கு நடுவில் இருப்பதைப் பார்க்க வேண்டும். மண்டபங்களுக்கிடையே திறந்த முற்றங்கள் விட்டிருக்கிறார்கள். நண்பகலில் வெயில் அவற்றில் நேராக விழுந்து, சலவைக்கல்லில் பட்டு, உள் மண்டபங்களுக்குள் பரவுகிறது. எங்கும் விளக்கு வேண்டியிருக்காது. ஒரே தூணடியில் கால்மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நிழல் தரையில் நகர நகர, சற்றுமுன் மொட்டையாகத் தெரிந்த தூணில் மணிச்சரம் தெரியும். அதற்குக் கீழே ஆடுகிற பெண்ணின் கணுக்கால் தெரியும். மேலே விதானத்திலிருந்து தொங்கும் கல்பூவின் இதழ் விளிம்பை, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

பாம்புச் சிற்பத்துக்கும் இதே பொறுமை வேண்டும். ஒற்றைக் கல் பலகையில் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர் நிற்க, தலைக்குமேல் பாம்புப் படங்கள் விரிந்திருக்கின்றன, 1008 என்பார்கள். படங்களை விடுங்கள். ஒரு பாம்பின் உடலைக் கண்ணால் பிடித்துக்கொண்டு அதன் வால் எங்கே முடிகிறது என்று தேடுங்கள். முடிச்சுக்குள் முடிச்சாகப் போய் உங்களை ஏமாற்றிவிடும். பலமுறை முயன்றிருக்கிறேன், ஒருமுறைகூடக் கண்டுபிடித்ததில்லை.

தட்டிப் பார்ப்பது

நம் ஊர் இசைத்தூண் ஞாபகத்தில் விரலை மடக்கித் தட்டுகிறவர்கள் நம்மவர்கள் மட்டும்தான். வேண்டாம். இது பாடாது.

சாய்ந்த தூணைத் தேடி நேரத்தைத் தொலைப்பது

முழுமை கடவுளுக்கே உரியது என்று வேண்டுமென்றே ஒரு தூணைச் சாய்த்தார்கள் என்பது கதை. கதை நன்றாக இருக்கிறது, தூண் சுமார்தான்.

பெல்ட், பர்ஸ்

தோல் பொருள் எதற்கும் உள்ளே அனுமதியில்லை. பர்ஸ், கைக்கடிகாரப் பட்டை, கைப்பையின் பிடிகூடக் கணக்கில் வரும். எல்லாவற்றையும் காரிலேயே விட்டுவிட்டு, பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே வரக்கூடாது என்றும் வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அவ்வளவு தூரம் போய் அதைப் படித்து அதிர்வதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது.

சிலையைப் படமெடுப்பது

காமிராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதைக் கட்டிவிட்டால் சிலைகளையும் எடுக்கலாம் என்று பொருளில்லை. தீர்த்தங்கரர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

பட்டினியோடு உள்ளே போவது

வளாகத்திலேயே போஜனசாலை இருக்கிறது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. ரொட்டியும் பருப்பும் சுடச்சுடக் கிடைக்கும். பதினொன்றுக்குப் போய்ச் சேரச் சொன்னதே இதற்காகத்தான். கோயிலுக்குள் நுழைவதற்கு முன் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். இரவுச் சாப்பாடு வேண்டுமென்றால் சூரியன் மறைவதற்குள் பந்தியில் இருக்க வேண்டும். இருட்டிய பின் சமணர்கள் உண்பதில்லை.

பெரிய கோயிலோடு திரும்பிவிடுவது

பக்கத்திலேயே நேமிநாதருக்கும் பார்சுவநாதருக்கும் சிறு கோயில்கள் இருக்கின்றன. சற்றுத் தள்ளிச் சூரியன் கோயில். அதன் வெளிச்சுவரில் குதிரைகளும் தேர்களும் வரிசையாக ஓடுகின்றன. பெரும்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள். கால்மணி நேரம் போதும். டிரைவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.