உப்புக் காற்றும் கம்ப்யூட்டரும்

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது. ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, 'பீப் பீப்' என்று சத்தம் வருகிறது, திரை மட்டும் கருப்பாகவே இருக்கிறதா? உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பல நேரம் ரேம் எனப்படும் நினைவகத் தகட்டின் முனையில் படிந்த உப்பும் ஈரமும்தான் காரணம்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி விடுங்கள். பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டால் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கும். அப்புறம் ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். தண்ணீர் மட்டும் கூடாது.

1946இல் வெளியுலகுக்கு வந்த எனியாக் என்ற பழைய கம்ப்யூட்டரில் பல்பு போன்ற வெற்றிடக் குழாய்கள் ஏறத்தாழ 18,000. ஒன்று எரிந்தாலும் தேடிப்பிடித்து மாற்ற வேண்டும். 1971இல் வந்த இன்டெல் 4004 சிப்பிலோ நகத்தளவு இடத்தில் அதே வேலையைச் செய்யும் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். இன்றைய சிப்பில் கோடிக்கணக்கில். அவற்றை நாம் பழுது பார்க்க முடியாது. ஆனால் சிப்பையும் போர்டையும் இணைக்கும் உலோக முனைகள் இன்றும் நம் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கின்றன. கடற்காற்று முதலில் பிடிப்பதும் அவற்றைத்தான்.

கடல் பார்த்த ஜன்னலோரம் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். அந்தச் சூட்டிலேயே உள்ளிருக்கும் ஈரம் காயும்.