பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? கடைக்குத் தூக்கும் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம்

காரிமங்கலம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் என்று எங்கள் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் கோர் 2 டியோ காலத்துக் கம்ப்யூட்டர் ஒன்று ஏதாவது ஒரு வீட்டில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் தமிழ் டைப்பிங் பழக, கடைக் கணக்கு எழுத, பரீட்சைக்கு விண்ணப்பிக்க அது போதும். ஒருநாள் பட்டனை அழுத்தினால் வராது. உடனே யாராவது, "மதர்போர்டு போயிருக்கும்ப்பா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டு கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள். தூசி, தளர்ந்த இணைப்பு, தீர்ந்துபோன சின்ன பேட்டரி, களைத்துப்போன எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அதன் முறை.

எதையும் கழற்றும் முன் ஒரே ஒரு கேள்வி: கம்ப்யூட்டர் எந்த இடத்தில் நிற்கிறது? பட்டனை அழுத்தினால் லைட்டும் இல்லை, ஃபேனும் இல்லை என்றால் அது கரண்ட் சம்பந்தப்பட்டது. ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கருப்பு என்றால் பெரும்பாலும் ரேம் (மதர்போர்டில் சொருகியிருக்கும் நீளமான நினைவக அட்டை). திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து விண்டோஸ் வராமல் நின்றால் ஹார்டு டிஸ்க் அல்லது பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் சொந்த புரோகிராம்) அமைப்பு. நன்றாக ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் பட்டென்று அணைந்தால் சூடு. இந்த நாலில் உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் எச்சரிக்கையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் பாதுகாப்பு

ப்ளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அப்புறம் சிபியு (கேபினெட் பெட்டி) பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். நைலான் பாய், பாலியெஸ்டர் போர்வை மேல் வைத்து வேலை செய்ய வேண்டாம். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஒயர்களைப் பிடுங்கும் முன் செல்போனில் நாலு போட்டோ எடுத்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது அருமை தெரியும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் சேர்ந்திருக்கும். ப்ளக்கைக் கழற்றிய பிறகும் அது அடிக்கும். பழைய டப்பா மானிட்டரும் அப்படித்தான். அதன் பிக்சர் டியூப்பில் இருப்பது ஆயிரக்கணக்கில் வோல்ட்.

படி 1: சுவரிலிருந்து ஆரம்பியுங்கள்

அதே ப்ளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் பாயின்ட் சரி. அடுத்தது பவர் கார்டு. பெரும்பாலான மானிட்டருக்கும் சிபியுவுக்கும் ஒரே வகைக் கார்டுதான், அதனால் மாற்றி மாட்டிப் பார்த்தால் கார்டு கெட்டதா என்று தெரிந்துவிடும். சிபியுவின் பின்னால் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கலாம். வீடு பெருக்கும்போது கை பட்டு அணைந்திருக்கும். சில பழைய மாடல்களில் 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்ச் ஒன்றும் உண்டு. அது எப்போதும் 230-ல்தான் இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளி ஆன் செய்தால் எஸ்எம்பிஎஸ் வெடிக்கும்.

யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவர் பாயின்ட்டில் கொடுத்துப் பாருங்கள். வீட்டு யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சில வருடத்தில் தளர்ந்துவிடும். பேட்டரி செத்த யுபிஎஸ், கரண்ட் இருக்கும்போதுகூட ஆன் ஆகாமல் அடம்பிடிப்பதுண்டு. கம்ப்யூட்டர் நன்றாகவே இருக்கும், பழி மட்டும் அதன் மேல் விழும்.

கிராமத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். வயதான எஸ்எம்பிஎஸ் அந்த நேரத்தில் கிளம்பாமல், இரவு பத்து மணிக்கு மேல் சமர்த்தாகக் கிளம்பும். உங்கள் கம்ப்யூட்டரும் நேரம் பார்த்து வேலை செய்கிறதென்றால் ஒரு ஸ்டெபிலைசர் போதும்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் உள்ள ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் எப்போதும் இரும்புக்குக் கசியும். எர்த் கம்பி இருந்தால் அது மண்ணுக்குப் போகும், இல்லையென்றால் உங்கள் கைக்கு வரும். மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகி ஓட்டும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்த பிறகே மேலே போங்கள்.

படி 2: ஒன்றுமே வரவில்லை என்றால்

கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு வரும் பெரிய 24 பின் கனெக்டரை (ரொம்பப் பழசென்றால் 20 பின்) ஒருமுறை கழற்றி இறுக்கமாக மாட்டுங்கள். பிராசசர் (கம்ப்யூட்டரின் மூளையான சிப்) பக்கத்தில் 4 பின் சின்ன கனெக்டர் ஒன்று தனியாக இருக்கும், அதையும்தான். இந்தச் சின்னது கழன்றிருந்தால் ஃபேன் ஓடும், திரை வராது. நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்து பட்டன். வருடக்கணக்கில் அழுத்தி அழுத்தி முன்பக்க பட்டனே தேய்ந்திருக்கும். இதற்குப் பைசா செலவில்லாத வழி உண்டு. மதர்போர்டின் கீழ் மூலையில் முன்பக்க ஒயர்கள் மாட்டியிருக்கும். அதில் 'பவர் எஸ்டபிள்யூ' என்று எழுதியதைக் கழற்றிவிட்டு, 'ரீசெட் எஸ்டபிள்யூ' ஒயரை அந்த இடத்தில் மாட்டுங்கள். இப்போது ரீசெட் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் கிளம்புகிறதா? கிளம்பினால் அப்படியே விட்டுவிடுங்கள், இனி அதுதான் உங்கள் பவர் பட்டன்.

அதிலும் வரவில்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்கலாம். ப்ளக்கைக் கழற்றிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் எல்லா கனெக்டர்களையும் மதர்போர்டு, ஹார்டு டிஸ்க் எல்லாவற்றிலிருந்தும் பிரியுங்கள். பெரிய கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்று இருக்கும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, ஒரு முனையைப் பச்சை ஒயர் ஓட்டையிலும் மறுமுனையைக் கருப்பு ஒயர் ஓட்டை ஏதாவது ஒன்றிலும் சொருகுங்கள். கையை எடுத்த பிறகு ப்ளக்கை மாட்டி சுவிட்சைப் போடுங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்ற வேண்டும். பழைய டிவிடி டிரைவ் ஒன்றை அதில் மாட்டிவைத்தால் சோதனை இன்னும் நம்பகமாக இருக்கும், ஏனென்றால் சில எஸ்எம்பிஎஸ் சும்மா இருக்கும்போது ஓடாது. எல்லா ஒயரும் கருப்பாக இருக்கும் மாடல் என்றால் குத்துமதிப்பாகச் சொருக வேண்டாம், இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள்.

ஃபேன் சுற்றினால் மட்டும் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட், ஆரஞ்சில் சுமார் 3.3 வோல்ட் வர வேண்டும். ஊதா ஒயரில், கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் இருந்தாலும், ப்ளக் போட்டதுமே 5 வோல்ட் இருக்க வேண்டும். ஊதா செத்திருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாற்றும்போது எடையே இல்லாத மலிவு பெட்டியை வாங்காதீர்கள். கையில் தூக்கிப் பார்த்தாலே காலி டப்பா மாதிரி இருப்பது அடுத்த மழைக்காலம் தாங்காது.

படி 3: ஃபேன் ஓடுகிறது, திரை கருப்பு

முதலில் மானிட்டரை விசாரியுங்கள். அதன் கேபிளைச் சிபியு பக்கம் கழற்றிவிட்டு மானிட்டரை ஆன் செய்தால் 'நோ சிக்னல்' மாதிரி ஏதாவது வர வேண்டும். வந்தால் மானிட்டர் உயிரோடு இருக்கிறது. சிபியுவில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் மாட்டியிருக்க வேண்டும். பாலக்கோட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், "தம்பி, வெள்ளையடிச்ச நாள்லேருந்து இது வரல" என்று கூப்பிட்டார். வெள்ளையடித்தவர்கள் மேசையை நகர்த்தி, கேபிளை மதர்போர்டு போர்ட்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே ஒன்றும் கெடவில்லை.

கேபிள் சரியென்றால் ரேம். பழைய கம்ப்யூட்டரில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கிரானைட் குவாரி, மெயின் ரோடு ஓரத்து வீடுகளில் தூசி சல்லடையில் சலித்த மாவாக உள்ளே இறங்கியிருக்கும். ரேமின் அடியில் உள்ள தங்க நிறப் பற்களில் அந்தத் தூசியும் ஈரமும் சேர்ந்து மெல்லிய படலமாகப் படிந்தால் தொடர்பு அறுந்துவிடும்.

ப்ளக் கழற்றியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். ரேமின் இரண்டு முனையிலும் இருக்கும் வெள்ளைக் காதுகளை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் தானே மேலே எழும். ஓரங்களைப் பிடித்து எடுங்கள், பற்களில் விரல் படக்கூடாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பளபளப்பான பற்களுக்கு நடுவில் சில மங்கிப் பழுப்பாகத் தெரியும். பென்சில் அழிக்கும் மென்மையான வெள்ளை ரப்பரால் மேலிருந்து கீழாக, ஒரே திசையில், மெதுவாகத் தேயுங்கள். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம். தங்க முலாம் மிக மெல்லியது, அது உரிந்துவிடும். ரப்பர் துகள்களைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மதர்போர்டில் ரேம் உட்காரும் ஸ்லாட்டையும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும்.

திரும்ப மாட்டும்போது ரேமில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் நேருக்கு நேர் வர வேண்டும். இரண்டு பக்கமும் 'டக்'கென்று காது மூடும் வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். வரவில்லையா, அதை அடுத்த ஸ்லாட்டில். அப்புறம் மற்றதை. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். நாலையும் ஒன்றாக மாற்றினால் எது சரியாயிற்று என்றே தெரியாது.

பீப் சத்தமும் ஒரு துப்பு. சின்ன ஸ்பீக்கர் உள்ள மதர்போர்டாக இருந்தால், எல்லா ரேமையும் கழற்றிவிட்டு ஆன் செய்து காது கொடுங்கள். பீப் பீப் என்று கத்தினால் நல்ல செய்தி: மதர்போர்டும் பிராசசரும் உயிரோடுதான் இருக்கின்றன. ரேமை மாட்டியும் அதே கத்தல் தொடர்ந்தால் வேறு ரேம் தேவை. டிடிஆர்2, டிடிஆர்3 என்ற ரேம் வகைகள் இரண்டிலும் 240 பின்தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று உட்காராது. கடைக்குப் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் டிடிஆர்2 கிடைக்காவிட்டால் ஓசூர் தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் தேடிப் பார்க்கலாம்.

இன்னும் கருப்புதான் என்றால் டார்ச் அடித்து மதர்போர்டைப் பாருங்கள். உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால், அங்கேதான் நோய். 2000-த்தின் தொடக்க வருடங்களில் வந்த போர்டுகளில் இது பரவலாக இருந்தது. சால்டரிங் தெரிந்தவர் மாற்றிக் கொடுப்பார்.

படி 4: 'எஃப்1 அழுத்து' என்று நிற்கிறது

தேதி பழைய வருடத்துக்குப் போயிருக்கும், 'சிமாஸ்' என்று தொடங்கும் ஒரு வரியும் இருக்கும். மதர்போர்டில் காசு போல உள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் பேட்டரி, வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். கூட்டல் குறி மேலே தெரியும்படி மாட்டுங்கள். தேதியைச் சரிசெய்யாமல் விட்டால் இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி மிரட்டும், நெட் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

பேட்டரி மாற்றியதும் விண்டோஸ் நீலத் திரை காட்டி மறுபடி மறுபடி ஆரம்பித்தால், கீபோர்டில் டெலிட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் 'சாட்டா மோட்' (ஹார்டு டிஸ்க்கோடு பேசும் முறை) என்ற இடத்தைப் பாருங்கள். ஐடிஇ என்றிருந்தால் ஏஹெச்சிஐ, ஏஹெச்சிஐ என்றிருந்தால் ஐடிஇ என்று மாற்றிச் சேமியுங்கள். பேட்டரி போனபோது அந்த அமைப்பு மாறியிருக்கும்.

படி 5: ஓடி ஓடி அணைகிறது

கேபினெட்டை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு தூசியைத் தட்டுங்கள். அதற்கு அடியில், பிராசசரின் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்கில் கம்பளம் போலத் தூசி அடைத்திருக்கும். ஹீட் சிங்கைக் கழற்றினால் காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதுத் தெர்மல் பேஸ்ட் கொஞ்சமாக வைக்க வேண்டும். ஏஎம்டி பிராசசர் என்றால் நேராக இழுக்காதீர்கள். பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சேர்ந்து பிடுங்கி வந்துவிடும். இடது வலது மெதுவாகத் திருகி எடுங்கள். பின்பக்கத்தில் தகடு கழன்று திறந்திருக்கும் ஓட்டை இருந்தால் அடையுங்கள், பல்லி குடித்தனம் நடத்த அந்த வழியாகத்தான் வரும்.

படி 6: எழுத்து வருகிறது, விண்டோஸ் வரவில்லை

பென் டிரைவ் சொருகியிருந்தால் பிடுங்குங்கள், அதிலேயே சிலருக்குச் சரியாகிவிடும். அப்புறம் ஹார்டு டிஸ்க்கின் சாட்டா கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். பயாஸில் ஹார்டு டிஸ்க் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் விண்டோஸ் 7-ல் எஃப்8 அழுத்தி ரிப்பேர் கொடுக்கலாம்.

டிஸ்க்கிலிருந்து 'டிக்... டிக்...' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது மிச்சமிருப்பதையும் கெடுக்கும். உள்ளே கல்யாண போட்டோவோ கடைக் கணக்கோ இருந்தால், ஆரம்பத்திலேயே டேட்டா எடுத்துக் கொடுப்பவரிடம் போங்கள்.

இத்தனையும் பார்த்து வராவிட்டால் கடைதான். கொடுக்கும் முன், பழுது டிஸ்க்கில் இல்லை என்று தெரிந்தால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைச் சோதிக்க அவர்களுக்கு அது தேவையில்லை. "வரல" என்று மட்டும் சொல்லாமல், "அண்ணா, ஃபேன் ஓடுது, ரேம் கழட்டினா பீப் வருது, எஸ்எம்பிஎஸ்ல 12 வோல்ட் இருக்கு" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். என்ன மாற்றினார்கள் என்று பில்லில் எழுதச் சொல்லி, கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.