பழைய மஸில் காரின் முன் சஸ்பென்ஷனுக்குப் புதிய பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்

1960-களிலும் 1970-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் வெளிவந்த, ஆற்றல் மிக்க எஞ்சின் கொண்ட மஸில் கார்களுக்கு முன் சஸ்பென்ஷன் ஒரே மாதிரி அமையவில்லை. முதல் தலைமுறை மஸ்டாங்கில் காயில் ஸ்பிரிங், சக்கரத்தைச் சட்டத்துடன் இணைக்கும் இரு கன்ட்ரோல் ஆர்ம்களில் மேல் ஆர்மின் மீது அமர்ந்திருக்கும். அக்காலக் கமாரோவிலும் செவெல்லிலும் அது கீழ் ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும். 1970-இல் வந்த சேலஞ்சரில் முன்புறம் காயில் ஸ்பிரிங்கே கிடையாது, நீளவாக்கில் பொருத்தப்பட்ட டார்ஷன் பார் என்னும் எஃகுத் தண்டு முறுகியே எடையைத் தாங்குகிறது. ஒரு காருக்கு நன்மை செய்த பாகம் மற்றொன்றுக்கும் பொருந்தும் என்று எண்ணுவது வீண் செலவில் முடியும்.

வாங்குவதற்கு முன் தேய்மானத்தைச் சோதியுங்கள். கார் நேராகச் செல்லாமல் அலைவதற்குப் பெரும்பாலும் தேய்ந்த புஷ்களும் (ஆர்ம்கள் அசையும் இடத்திலுள்ள உறைகள்) பால் ஜாயின்ட்களும் (ஆர்ம்களைச் சக்கரப் பக்கம் இணைக்கும் உருண்டை மூட்டுகள்) ஸ்டீயரிங் இணைப்புகளுமே காரணம். எடை தாங்கும் பால் ஜாயின்ட்டின் சுமையை நீக்கிய பிறகே அதன் ஆட்டம் தெரியும் என்பதால், கமாரோவைக் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். மஸ்டாங்கிலோ மேல் ஆர்முக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, சட்டத்தின் அடியில் தூக்க வேண்டும்.

அடுத்து கவனிக்க வேண்டியது சக்கரங்களின் கோணங்கள். என் கருத்தில், பணத்தை முதலில் செலவிட வேண்டிய இடம் இதுவே. பயஸ் டயர்களுக்காக (ரேடியலுக்கு முந்தைய பழைய வகை) வடிவமைக்கப்பட்ட இக்கார்களின் காஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம், மிகக் குறைவு. வளைவில் காரின் உடல் சாயும்போது, பாரம் ஏறும் வெளிப்பக்கச் சக்கரத்தின் தலைப்பகுதி வெளிப்புறம் சாய்ந்து, டயர் தன் ஓரத்தில் மட்டும் ஊன்றி நிற்கும். மஸ்டாங்கில் மேல் ஆர்மின் பொருத்துத் துளைகளை ஏறத்தாழ 1 அங்குலம் கீழே இறக்குவது, மஸ்டாங்கின் மேம்பட்ட வடிவமான ஷெல்பி கார்களிலிருந்து வந்த எளிய, மலிவான தீர்வு. கமாரோவுக்கு, காஸ்டர் கூட்டி வடிவமைத்த மேல் ஆர்மும் உயரமான பால் ஜாயின்ட்டும் அதே பணியைச் செய்கின்றன. சேலஞ்சருக்குத் துளை மையம் விலகிய மேல் புஷ்களே பெரும்பாலும் போதும். உயரமான ஸ்பின்டிலை (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) வேறொரு காரிலிருந்து எடுத்துப் பொருத்துவோர், சக்கரம் மேடேறும்போது தானாகத் திரும்புகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்கின் விறைப்பு இவற்றுக்குப் பின்னரே. டார்ஷன் பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் உயர்வதால், 0.87 அங்குலத்திலிருந்து 1 அங்குலத்துக்கு மாறினாலே, நீளம் மாறாத நிலையில், விறைப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடும். ஸ்பிரிங் வாங்கும்போது எஞ்சினின் எடையையும் ஏசி உள்ளதா என்பதையும் விற்பவரிடம் சொல்லுங்கள். ஸ்பிரிங்குக்கு ஈடான ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய ஷாக், புதிய ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்காது. ஷாக்கைச் சுற்றி ஸ்பிரிங் அமைந்த காயில் ஓவர் பொருத்துவதானால், அதன் மேல்முனை பற்றும் இடம் காரின் எடையைத் தாங்குமா என்பதை உறுதிசெய்யுங்கள். ஷாக்கை மட்டும் பிடிப்பதற்காக அமைந்த தகடு அந்தச் சுமைக்கு ஏற்றதல்ல.

புஷ் விஷயத்தில் கடினமானதே சிறந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அன்றாடம் ஓட்டும் காருக்கு நல்ல ரப்பரே அமைதியானது. பாலியூரித்தேன் கோணங்களை அசையாமல் காக்கும், ஆனால் உரிய கிரீஸ் இல்லாவிட்டால் கிறீச்சிடும். மஸ்டாங்கின் கீழ் ஆர்மை முன்பின் நகராமல் பிடித்திருக்கும் தண்டில் மட்டும் அதைத் தவிர்க்கப் பரிந்துரைக்கிறேன்: சக்கரம் ஏறி இறங்கும்போது அந்தத் தண்டின் முனை அசைய வேண்டும், அசைய இடமில்லாவிட்டால் தண்டே வளைந்து வளைந்து, நாளடைவில் உடையக்கூடும்.

பொருத்தும்போது, ரப்பர் புஷ்களின் போல்ட்களைக் கார் தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும்; தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து விரைவில் கிழியும். ரேடியல் டயரும் பவர் ஸ்டீயரிங்கும் உள்ள காருக்கு 3 முதல் 5 டிகிரி நேர் காஸ்டர், சுமார் அரை டிகிரி எதிர் கேம்பர் (சக்கரத்தின் தலை உட்பக்கம் சாய்தல்), 1/16 முதல் 1/8 அங்குல டோ-இன் (சக்கரங்களின் முன்பகுதி உட்பக்கம் திரும்பியிருத்தல்) ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். புதிய ஸ்பிரிங் சில வாரங்களில் சற்றே அமரும் என்பதால், அதன் பிறகு அலைன்மென்ட்டை மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள்.