டிசி-3 சிமுலேட்டரில் அடிக்கடி ஸ்டால் ஆகிறதா? காரணத்தைக் கண்டறியும் முறை

1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலில் பறந்த இரட்டை எஞ்சின் விமானமான டக்ளஸ் டிசி-3, கணினிச் சிமுலேட்டரில் ஓடுபாதையை நெருங்கும் வேளையில் சட்டென்று ஒரு பக்கம் சரிந்து விழுந்தால், விமானக் கோப்பில்தான் (விமானத்தின் நடத்தையைச் சிமுலேட்டருக்குச் சொல்லும் கோப்பு) பிழை என்று புதியவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை. வேகமானியைப் படிக்கும் விதத்திலோ, எரிபொருளும் சுமையும் ஏற்றப்பட்ட விதத்திலோ, ஜாய்ஸ்டிக் அமைப்பிலோதான் அது ஒளிந்திருக்கிறது.

இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணம் ஒரு வரம்பைத் தாண்டும்போது, மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துபோய்த் தூக்குவிசை குலைவதையே ஸ்டால் என்கிறோம். இதற்குக் காரணம் கோணமே என்பதால், போதிய வேகத்தில் பறந்தாலும் ஸ்டால் நேரலாம். 60 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பினால், ஸ்டால் வேகம் 41 விழுக்காடு கூடிவிடுகிறது. இறங்கு பாதையில் கடைசித் திருப்பத்தை இறுக்கிப் பிடிப்பவர்கள் விழுவது இதனால்தான்.

முதலில் வேகமானியைப் பாருங்கள். பழைய காக்பிட்டில் முள் காட்டுவது பெரும்பாலும் மணிக்கு இத்தனை மைல் என்ற கணக்கு. திரையின் ஓரத்தில் சிமுலேட்டர் காட்டும் எண்ணோ நாட் கணக்கு. ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.15 மைல். இறங்கும்போது 85 நாட் வைத்துக்கொள்ள வேண்டும் என்று படித்துவிட்டு, முள்ளை 85-இல் நிறுத்தினால் உங்கள் உண்மையான வேகம் 74 நாட் மட்டுமே. ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) முழுவதும் இறக்கிய நிலையில் டிசி-3-இன் ஸ்டால் வேகம் ஏறத்தாழ 58 நாட், அதாவது 67 மைல். ஃப்ளாப் இல்லாமலோ, கூடுதல் எடையுடனோ, திருப்பத்திலோ அந்த எண் மேலே ஏறும் என்பதை நினைத்தால், கைவசம் எஞ்சும் இடைவெளி எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

அடுத்து, சுமைப் பக்கத்தைத் திறந்து மொத்த எடையையும் ஈர்ப்பு மையத்தையும் சரிபாருங்கள். மையம் பின்னால் தள்ளியிருந்தால் மூக்கு தானாகவே மேலே எழும். ஸ்டாலிலிருந்து மீள்வதும் கடினமாகும். எரிபொருளைப் பாதியாகக் குறைத்து, பின்பகுதிச் சுமையை முன்னே நகர்த்திவிட்டு, எலிவேட்டர் ட்ரிம்மை (மூக்கின் ஏற்ற இறக்கத்தை நிலையாக வைக்கும் அமைப்பு) நடுநிலையில் வையுங்கள்.

மூன்றாவது, எஞ்சின் முழு வலுவைத் தருகிறதா என்பது. ட்வின் வாஸ்ப் எஞ்சின் பொருத்திய விமானம் கடல்மட்ட ஓடுபாதையிலிருந்து எழும்போது மேனிஃபோல்ட் பிரஷர் (எஞ்சினுக்குள் செல்லும் கலவையின் அழுத்தம், பாதரச அங்குலக் கணக்கில்) 48 அங்குலத்தையும், சுழற்சி நிமிடத்துக்கு 2,700-ஐயும் எட்ட வேண்டும். (எஞ்சின் நின்றிருக்கும்போது அந்த முள் 30 அருகே நிற்பதைக் கண்டு குழம்ப வேண்டாம், அது வெளிக்காற்றின் அழுத்தம்.) என்னிடம் ஒருமுறை முள் 39-ஐத் தாண்டவே மறுத்தது. மேசையடியில் மறந்து கிடந்த இன்னொரு கட்டுப்பாட்டுக் கருவிக்கும் அதே த்ராட்டில் (எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) அச்சு ஒதுக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. ஆகவே ஒவ்வோர் அச்சுக்கும் ஒரே கருவிதான் ஒதுக்கப்பட்டுள்ளதா என்று பார்த்துவிடுங்கள். ஈரக் காற்றில் பறக்கையில் சுழற்சி மாறாமல் மேனிஃபோல்ட் பிரஷர் மட்டும் மெல்லக் குறைந்தால், கார்புரேட்டரில் பனி உறைகிறது என்று பொருள். அதற்குள் சூடான காற்றை அனுப்பும் கார்புரேட்டர் ஹீட்டைத் திறக்க வேண்டும்.

எதிர்க்காற்றின் அழுத்தத்தை வேகமானிக்குத் தரும் பிட்டாட் குழாயைச் சூடாக்கும் பிட்டாட் ஹீட்டையும் மறக்காதீர்கள். அந்தக் குழாய் அதன் வடிகால் துளையோடு உறைந்து அடைபட்டால், உயரம் ஏற ஏற வேகமானி பொய்யாகக் கூடிக்கொண்டே போகும். விமானி வேகத்தைக் குறைக்க மூக்கைத் தூக்குவார், உண்மையில் ஸ்டாலை நோக்கிப் போவார். 1974 டிசம்பர் 1 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஒரு போயிங் 727 இப்படித்தான் விழுந்து நொறுங்கியது. நவீனக் கருவிகள் கொண்ட டிசி-3 வடிவத்தில் ஆட்டோபைலட்டும் இதே வினையைச் செய்யும்: வலு போதாதபோது உயரத்தைக் காக்க மூக்கைத் தூக்கிக்கொண்டே இருக்கும்.

இவை சரியான பிறகு சோதனைப் பறப்பு. தெளிவான வானிலை, காற்றில்லாத நாள், 5,000 அடி உயரம், ஃப்ளாப் இல்லாத நிலை ஆகியவற்றை வைத்துக்கொண்டு, த்ராட்டிலை மெல்லக் குறைத்து, உயரம் இறங்காதபடி யோக்கை (கட்டுப்பாட்டுச் சக்கரம்) இழுத்துக்கொண்டே வாருங்கள். வேகம் குறையும்போது முதலில் கட்டுப்பாடுகள் தளரும், பின்பு விமானம் அதிரத் தொடங்கும், அதன்பின் மூக்கு விழும் அல்லது ஒரு இறக்கை சரியும். அதிர்வு தொடங்கும் வேகத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழு ஃப்ளாப்புடன் ஒருமுறையும், 30 பாகை சாய்ந்து ஒருமுறையும் செய்யுங்கள்; சாய்வில் எண் ஏறத்தாழ 7 விழுக்காடு உயர்ந்திருந்தால் விமானம் சரியாகவே நடந்துகொள்கிறது.

மீளும்போது முதலில் யோக்கை முன்னே தள்ளிக் கோணத்தைக் குறையுங்கள். சரிந்த இறக்கையை எய்லரானால் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடு) தூக்க முயல்வது நிலையை மோசமாக்கும்; ரட்டரால் (வாலின் செங்குத்துத் தகடு) மூக்கு மேலும் திரும்பாமல் தடுத்து, வேகம் வந்த பிறகு இறக்கைகளைச் சமப்படுத்தி, வலுவை ஏற்றுங்கள். ஃப்ளாப் இறங்கியிருந்தால் உடனே முழுவதுமாக மடக்காமல், பகுதி பகுதியாக மடக்குங்கள்.

முழு ஃப்ளாப் சோதனையிலும் அதிர்வு 58 நாட்டுக்கு மிக மேலே, சுமார் 80 நாட்டில் தொடங்கினால், அப்போது மட்டும் விமானக் கோப்பைச் சந்தேகியுங்கள். கூடுதல் தொகுப்புகள் எல்லாவற்றையும் முடக்கிவிட்டு, விமானத்தை மட்டும் மறுபடி நிறுவி, அதே தாளை எடுத்துச் சோதனையை மீண்டும் நடத்துங்கள்.